நண்டுக்கு வழிவிட்ட தீவுகள்

காங்கேசன்துறையிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர் போனால் கிறிஸ்மஸ் தீவு. தென்மேற்கே 2,000 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டினால் டியாகோ கார்சியா. இரண்டும் இந்துசமுத்திரத்தில் தனித்துக் கிடக்கும் சிறு தீவுகள். கிறிஸ்மஸ் தீவு அவுஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்டது. டியாகோ கார்சியா, பிரித்தானியா தன்வசம் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் படைத்தளத்துக்கு விட்டுக்கொடுத்த தீவு.

வடக்கு, கிழக்கில் பல வீடுகளில் இந்த இரண்டு பெயர்களும் பழக்கமானவை. படகேறிப் போனவர்கள் எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்று ஆளாளாக விசாரித்து அறிந்த பெயர்கள் அவை. இரவு நேரத் தொலைபேசி அழைப்புகளிலும், சட்டத்தரணிகள் அனுப்பிய கடிதங்களிலும் வந்த பெயர்கள்.

உயிரியல் ஆய்வாளர்கள் அதே தீவுகளை வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். உலகின் மிகப் பெரிய தரைநண்டு அங்கே மனிதர் நடமாடும் இடங்களில் சாதாரணமாகத் திரிகிறது. கிறிஸ்மஸ் தீவில் அதைவிடச் சிறிய சிவப்பு நண்டுகள் கோடிக்கணக்கில் ஆண்டுதோறும் வீதிகளைக் கடந்து கடலுக்குப் போகின்றன. அவை கடந்து முடியும்வரை வீதிகள் மூடப்படுகின்றன.

நண்டுக்காக வாகனத்தை நிறுத்தும் ஓர் அரசு, அதே தீவில் மனிதரை வேலிக்குள் வைத்தது எப்படி? இந்தக் கேள்வியை நண்டின் மேல் கோபித்துக் கேட்பதில் பயனில்லை. நண்டும் மனிதரும் ஒரே நிலத்தில் சேர்ந்து வாழ என்ன தேவை, அந்தச் சேர்வாழ்வு எந்த இடத்தில் முறிகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காணி கேட்டு நிற்கும் வலிகாமம் வடக்கு மக்களுக்கும் அதில் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

தேங்காய் உடைக்கும் நண்டு

யாழ்ப்பாணத்தாருக்கு நண்டு என்றால் நீலக்கால் நண்டு, அல்லது களப்பில் பிடிபடும் சேற்று நண்டு. கறிச்சட்டிக்குள் அடங்கக்கூடியவை. தென்னை நண்டு அந்தக் கணக்கில் வராது. நன்கு வளர்ந்த ஒன்று 4 கிலோ வரை நிறை வரும். கால்களை விரித்து நின்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஒரு மீற்றர் அளவு இருக்கும். பூச்சி, சிலந்தி, நண்டு, இறால் எல்லாம் சேர்ந்த கணுக்காலிக் கூட்டத்தில், தரையில் வாழ்பவற்றுள் இதைவிடப் பெரியது உலகில் கிடையாது.

உண்மையில் இது துறவி நண்டின் நெருங்கிய உறவு. வெறும் சங்கைச் சுமந்துகொண்டு கரையில் ஊரும் சின்ன நண்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தென்னை நண்டும் குஞ்சுப் பருவத்தில் அப்படித்தான் சங்கைச் சுமந்து திரிகிறது. வளர வளர அதன் முதுகும் வயிறும் தாமே கெட்டியாகிவிட, சங்கைக் கைவிட்டுவிடுகிறது.

அதன் வாழ்க்கை கடலில் தொடங்குகிறது. தாய் நண்டு முட்டைகளைச் சுமந்து கரைக்கு வந்து நீரில் விடுகிறது. குஞ்சுகள் மூன்று, நான்கு வாரங்கள் கடலில் மிதக்கின்றன. எந்தக் கரையில் ஒதுங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஒதுங்கிக் கரையேறிய பின்னர் கடல் அவற்றுக்கு வீடு அல்ல. காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு வளர்ந்துவிடுவதால், வளர்ந்த தென்னை நண்டைக் கடலுக்குள் போட்டால் மூழ்கி இறந்துவிடும். எந்தக் கடல் அதைக் கொண்டுவந்து சேர்த்ததோ, அந்தக் கடல் வழியாக அதனால் திரும்பிப் போக முடியாது.

தேங்காயை இந்த நண்டு உடைக்கும் விதம் பொறுமையானது. விழுந்து கிடக்கும் தேங்காயின் பொச்சை, கண் இருக்கும் பக்கத்திலிருந்து நார் நாராகக் கிழிக்கும். மூன்று கண்களும் வெளியே தெரிந்ததும், மெல்லிய கண்ணில் காலைக் குத்தித் திறந்து, பின்னர் சிரட்டையை உடைக்கும். சில வேளை ஒரு தேங்காய்க்கே நாட்கள் ஆகும். 1836இல் கொக்கோஸ் தீவுகளுக்குப் போன சார்ள்ஸ் டார்வின் இந்தப் பழக்கத்தைக் குறித்துவைத்தார். ஜப்பானின் ஒக்கினாவாவில் இந்த நண்டின் கொடுக்கின் வலுவை அளந்த ஆய்வாளர்கள் 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். மிகப் பெரிய நண்டின் பிடி 3,300 நியூட்டன் வரை இருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. 330 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை ஒரு விரலின் மேல் வைத்ததற்குச் சமம்.

தேங்காய் மட்டும் அதன் உணவு அல்ல. பழம், விதை, செத்த விலங்கு, மற்ற நண்டு எல்லாவற்றையும் தின்னும். மோப்ப சக்தி மிகக் கூர்மை. வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பு, சட்டி, கரண்டி எதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஆங்கிலத்தில் இதற்குக் 'கொள்ளைக்கார நண்டு' என்றும் பெயர். இதன் அறிவியற் பெயரில் உள்ள 'லாட்ரோ' என்ற இலத்தீன் சொல்லுக்கும் கள்வன் என்பதே பொருள்.

இவ்வளவு வலுவான விலங்குக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அது மிக மெதுவாக வளர்கிறது. முழு அளவை அடைய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். ஒவ்வொரு முறை ஓடு கழற்றும்போதும் வாரக்கணக்கில் மண்ணுக்குள் ஒளிந்து கிடக்கும். கழற்றிய ஓட்டையே தின்று, புது ஓடு இறுகிய பின்னரே வெளியே வரும். ஒரு மனிதரின் வயதை ஒத்த நண்டை ஒரே இரவில் பிடித்துச் சமைத்துவிடலாம். அதை ஈடுசெய்ய இன்னொரு நாற்பது ஆண்டுகள் வேண்டும். மொரிஷியஸ் தீவில் இந்த நண்டு முற்றாக இல்லாமல் போனது. மக்கள் அடர்ந்து வாழும் பல தீவுகளில் அரிதாகிவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட விலங்கு மனிதரோடு சேர்ந்து வாழ வேண்டுமானால், விட்டுக்கொடுக்க வேண்டியது மனிதர்தான். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பது தீவுக்குத் தீவு மாறுபடுகிறது.

பயமும் மரியாதையும்: நிக்கோபார்

தமிழருக்கு மிக அருகில் தென்னை நண்டு வாழும் இடம் நிக்கோபார்த் தீவுக்கூட்டம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு உச்சப் பாதுகாப்பு உண்டு. சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே வேறொரு காவல் இருந்தது. இந்த நண்டைக் கொன்று தின்றால் கெடுதி வரும் என்று நிக்கோபார் மக்களிடையே ஒரு நம்பிக்கை. அந்தப் பயமும் மரியாதையும் சேர்ந்து நண்டைக் காத்தன.

அந்தத் தீவுகளில் நம் வரலாற்றின் ஒரு துண்டும் இருக்கிறது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர், நிக்கோபாரின் கச்சால் தீவில் இறப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டார்கள். 2004 ஆழிப்பேரலை அந்தத் தீவைக் கடுமையாகத் தாக்கியது. தாங்கள் பிறந்த மலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள், கடலும் தென்னையும் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு தீவில் வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருந்தது.

ஊர்மக்களின் நம்பிக்கையால் ஓர் உயிரினம் காக்கப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். மக்களை அகற்றித்தான் நண்டைக் காக்க முடியும் என்பதற்கு நிக்கோபார் இடம் கொடுக்கவில்லை.

வீதி மூடும் காலம்: கிறிஸ்மஸ் தீவு

கிறிஸ்மஸ் தீவின் பரப்பு 135 சதுர கிலோமீற்றர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேசியப் பூங்கா. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,700க்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலானோர் சீன, மலாய் வம்சாவளியினர். பொஸ்பேற் அகழ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் அவர்களுள் உண்டு. 1958இல் தீவு அவுஸ்திரேலியாவிடம் கையளிக்கப்பட்டது.

தென்னை நண்டு அங்கே ஏராளம். ஆனாலும் தீவைப் புகழ்பெறச் செய்தது உள்ளங்கையளவான சிவப்பு நண்டு. காட்டுத் தரையில் வளை தோண்டி வாழும். உதிர்ந்த இலைகளைத் தின்று, காட்டின் தரையைக் கூட்டிப் பெருக்கி வைத்ததுபோல் ஆக்கிவிடும். வெயில் பட்டால் உடல் ஈரம் போய் இறந்துவிடும் என்பதால், வறண்ட மாதங்களில் வளைக்குள்ளேயே அடைந்து கிடக்கும்.

ஒக்ரோபர், நவம்பரில் முதல் மழை விழுந்ததும் தீவு அசையத் தொடங்குகிறது. ஆண் நண்டுகள் முன்னே போகும்; பெண் நண்டுகள் பின்னால் சேரும். கரையோரம் போய் இணைசேர்ந்தபின் ஆண்கள் காட்டுக்குத் திரும்பிவிடும். பெண் நண்டுகள் ஏறக்குறைய இரண்டு வாரம் முட்டைகளைச் சுமந்து ஈரமான வளைகளில் காத்திருக்கும். தேய்பிறையின் கடைசிக் கால்பகுதியில், விடியுமுன், பெருக்கு வற்றத் தொடங்கும் நேரத்தில் முட்டைகளைக் கடலில் உதறும். ஒரு தாய் விடும் முட்டைகள் ஒரு இலட்சம் வரை. நீர் பட்டதும் குஞ்சு வெளிவரும். அவற்றில் பெரும்பங்கை மீன்களும் புள்ளிச் சுறாக்களும் தின்றுவிடும். சில ஆண்டுகளில் ஒன்றுகூடத் திரும்பி வராது. சில ஆண்டுகளில், ஒரு மாதம் கழித்து, விரல் நகத்தைவிடச் சிறிய நண்டுகள் கரை சிவக்கக் கரையேறிக் காட்டை நோக்கி நடக்கும்.

நண்டு தன் வழியை மாற்றாது. அது போகும் வழியில் வீதி வந்தாலும் வீடு வந்தாலும் நேராகத்தான் போகும். ஆகவே தீவு மக்கள் தங்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். நகர்வுக் காலத்தில் முக்கிய வீதிகள் மூடப்படும். எந்த வீதி எப்போது மூடப்படும் என்று உள்ளூரில் அறிவித்தல் வரும். வீதியோரங்களில் கிலோமீற்றர் கணக்கில் தடுப்புகள் நடப்பட்டு, நண்டுகள் வீதியின் கீழுள்ள சுரங்க வழிகளுக்குத் திருப்பப்படும். ஓரிடத்தில் வீதிக்கு மேலே ஐந்து மீற்றர் உயரத்தில் நண்டுப் பாலம் ஒன்றும் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் வாகனத்தில் தும்புத்தடியோடு போவார்கள். இறங்கிக் கூட்டிக் கூட்டி வழி எடுத்துத்தான் வீடு சேருவார்கள். கதவைத் திறந்து வைத்தால் நண்டு வீட்டுக்குள்ளும் வரும். இதைத் தொல்லை என்று சொல்பவர்களும் அங்கே உண்டு. ஆனால் அது தம் தீவின் வழமை என்று ஏற்றுக்கொண்டு விட்டார்கள்.

இந்த ஏற்பாடு பேணப்பட வேண்டியதன் காரணத்தை ஓர் எறும்பு காட்டிக்கொடுத்தது. கப்பலில் தற்செயலாக வந்து சேர்ந்த 'மஞ்சள் பைத்திய எறும்பு' என்னும் இனம் 1990களில் பெருங்கூட்டங்களாகப் பெருகியது. அது பீச்சும் அமிலம் நண்டின் கண்ணைக் குருடாக்கும். கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகள் செத்தன. நண்டு இல்லாத இடங்களில் காட்டின் தரையே மாறியது. செடிகள் அடர்ந்து மண்டின. நம் தோட்டங்களையும் பாழாக்கும் ஆபிரிக்கப் பெருநத்தை அங்கே புகுந்தது. உலங்குவானூர்தியிலிருந்து நச்சுத் தீனி தூவினார்கள். பின்னர், எறும்புக்குச் சர்க்கரைப் பால் கொடுக்கும் செதிற்பூச்சியைக் கட்டுப்படுத்த, மலேசியாவிலிருந்து கொண்டுவந்த மிகச்சிறு குளவியை 2016 இறுதியில் விட்டார்கள். அண்மைய ஆண்டுகளில் சிவப்பு நண்டுகளின் தொகை பத்துக் கோடியைத் தாண்டி மீண்டிருப்பதாகப் பூங்கா நிர்வாகம் கணிக்கிறது.

ஆக, கிறிஸ்மஸ் தீவு மனிதர் கைபடாத காடு அல்ல. சுரங்கம் அகழப்பட்டு, துறைமுகமும் விமான நிலையமும் கட்டப்பட்டு, மக்கள் வாழும் தீவு. அங்கே நண்டு பிழைத்திருப்பது, மக்கள் ஆண்டுதோறும் செய்யும் சின்னச் சின்ன வேலைகளால்.

அதே தீவின் வடமேற்கு முனையில்

இதே தீவின் வடமேற்கு முனையில், ஊரிலிருந்து விலகிக் காட்டின் நடுவே ஒரு பெரும் தடுப்பு முகாம் கட்டப்பட்டது. 2008 டிசம்பரில் முதலாவது தொகுதியினர் அங்கே வைக்கப்பட்டார்கள். ஐந்து மாதங்களில் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தது. அதன் பின்னர் கடலேறிய ஈழத்தமிழர் பலருக்கு அவுஸ்திரேலியா என்பது இந்த முகாமிலிருந்தே தொடங்கியது. 2010 ஏப்ரலில் இலங்கையரின் புதிய புகலிடக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பதை அவுஸ்திரேலியா மூன்று மாதங்களுக்கு இடைநிறுத்தியது. போர் முடிந்து ஓராண்டுகூட நிறையவில்லை.

முகாம் நண்டுகளையும் விட்டுவைக்கவில்லை. பணியாளர்களையும் பொருட்களையும் ஏற்றிய வாகனங்கள் அந்தக் காட்டு வீதியில் இரவு பகலாக ஓடத் தொடங்கியபோது, சில்லுகளில் நசுங்கிய தென்னை நண்டுகளின் எண்ணிக்கை கூடியது. நாற்பது, ஐம்பது ஆண்டு வளர்ந்த நண்டுகள் அவை. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைகள் நடப்பட்டன. தீவு மக்கள் பல தலைமுறைகளாகப் பழகிய மெதுவான ஓட்டத்தை, அவசரத்தில் வந்த ஒரு முகாம் குலைத்தது.

குவீன்ஸ்லாந்தின் பிலோயீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை பலருக்கும் நினைவிருக்கும். 2018 மார்ச்சில் அதிகாலையில் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். 2019 ஓகஸ்டில் தாயும் தகப்பனும், அவுஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு பெண் பிள்ளைகளும் கிறிஸ்மஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். 2021 ஜூனில் இளைய பிள்ளை கடும் நோயுற்றுப் பேர்த் நகர வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகே அவர்கள் தீவை விட்டு வெளியேறினார்கள். ஊர்மக்கள் விடாமல் நடத்திய போராட்டத்தின் முடிவில், 2022 ஜூனில் பிலோயீலாவுக்குத் திரும்பினார்கள். ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

கப்ரியேல் பிரேடி இயக்கி 2018இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்று இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. 'பசித்த பேய்களின் தீவு' என்பது அதன் பெயரின் பொருள். தடுப்பில் இருப்பவர்களின் மனக்காயத்துக்குச் சிகிச்சை கொடுக்கும் உளவள ஆலோசகர் ஒருவர் அதில் வருகிறார். நண்டுகளுக்கு வழி எடுத்துக் கொடுக்கும் ஊழியர்களும் வருகிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும் நம்மவருக்கு, யாரைக் குற்றம் சொல்வது என்ற கேள்விக்கு முன்னால் ஒரு பெருமூச்சு வரும். அந்தத் தீவில் இரக்கம் இல்லாமல் இல்லை. வழி கொடுக்கும் முறையும் அங்கே தெரிந்திருந்தது. யாருக்கு வழி கொடுப்பது என்ற முடிவு மட்டும் தீவுக்கு வெளியே, கன்பராவில் எடுக்கப்பட்டது.

மக்களை எடுத்துவிட்ட தீவு: டியாகோ கார்சியா

டியாகோ கார்சியாவின் கதை இதைவிடக் கடினமானது. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவு அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் தென்னந்தோட்ட வேலைக்கு ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். பின்னர் இந்தியக் கூலிகளும் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் உரித்து, கொப்பரா காய வைத்து, மீன் பிடித்து வாழ்ந்த அவர்களே சாகோஸ் மக்கள். தென்னையும் தென்னை நண்டும் அவர்களின் முற்றத்து வாழ்க்கை.

1965இல் பிரித்தானியா இந்தத் தீவுகளை மொரிஷியஸிலிருந்து பிரித்தெடுத்தது. அமெரிக்கத் தளத்துக்காக 1968 முதல் 1973 வரை மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களும் 1971இல் கொல்லப்பட்டன. 1966இல் எழுதப்பட்ட ஓர் அரசாங்கக் குறிப்பில், அந்தத் தீவுகளில் கடற்பறவைகளைத் தவிரப் பூர்வீகக் குடிகள் எவரும் இருக்கமாட்டார்கள் என்று பிரித்தானிய அதிகாரி ஒருவர் எழுதினார். அப்போது அங்கே குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன.

இன்று அங்கே தென்னை நண்டுகள் அடர்த்தியாக வாழ்கின்றன. அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் தடை. 2010இல் சாகோஸைச் சுற்றிய கடலை மாபெரும் கடல்சார் பாதுகாப்புப் பகுதியாகப் பிரித்தானியா அறிவித்தது. அதே ஆண்டு இறுதியில் கசிந்த அமெரிக்கத் தூதரகக் குறிப்பொன்று வேறொன்றைச் சொன்னது. இப்படியொரு பாதுகாப்புப் பகுதி, பழைய குடிகள் திரும்பிவரக் கேட்பதை நடைமுறையில் முடிவுக்குக் கொண்டுவந்துவிடும் என்று பிரித்தானிய அதிகாரி ஒருவர் அமெரிக்கர்களிடம் பேசியதாக அது பதிவு செய்திருந்தது. தவறான நோக்கத்தோடு அது செய்யப்பட்டது என்ற வாதத்தைப் பிரித்தானிய நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஆனால் மொரிஷியஸின் உரிமைகளைக் கவனத்தில் எடுக்காமல் அந்த அறிவிப்பைச் செய்ததன் மூலம் பிரித்தானியா கடற்சட்டத்தை மீறியது என்று சர்வதேச நடுவர் மன்றம் 2015இல் தீர்ப்பளித்தது.

இன்னொரு விடயமும் கவனிக்க வேண்டியது. அந்தப் பாதுகாப்புப் பகுதி டியாகோ கார்சியாவையும் அதைச் சுற்றிய மூன்று கடல்மைலையும் விட்டுவிட்டே வரையப்பட்டது. மீன்பிடித்து வாழ்ந்த மக்களுக்கு இயற்கை காரணமாகச் சொல்லப்பட்டது. ஓடுபாதையும் எரிபொருள் தாங்கிகளும் கொண்ட தளத்துக்கு அந்தக் காரணம் பொருந்தவில்லை.

இந்தத் தீவுக்குத்தான் 2021 ஒக்ரோபர் 3ஆம் திகதி, பழுதடைந்த மீன்பிடிப் படகொன்றில் 89 இலங்கைத் தமிழர் கொண்டுவரப்பட்டார்கள். கனடாவை நோக்கிப் புறப்பட்டவர்கள். பின்னர் வேறு படகுகளும் வந்தன. உதைபந்தாட்ட மைதானமளவு இடத்தில், காவலுக்குள், கூடாரங்களில் வைக்கப்பட்டார்கள். கூடாரங்களுக்குள் எலித்தொல்லை. பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தார்கள். சிலர் தம்மைத் தாமே மாய்க்க முயன்றார்கள். அப்படிக் காயப்பட்டவர்கள் சிகிச்சைக்கென ருவாண்டாவுக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் மனமொடிந்து இலங்கைக்கே திரும்பினார்கள். மூன்று ஆண்டுகள் கழிந்து, 2024 டிசம்பர் தொடக்கத்தில், எஞ்சியவர்களில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த மாதமே, அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டார்கள் என்று அந்தப் பிரதேசத்துக்கான உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரைத் தவிர மற்ற எல்லா வகையிலும் அது சிறைதான் என்று நீதிபதி குறிப்பிட்டார்.

வெளியேற்றப்பட்ட ஒரு மக்களின் தீவில், வெளியேறிவந்த இன்னொரு மக்கள் அடைக்கப்பட்டார்கள். 2025 மே 22ஆம் திகதி சாகோஸ் தீவுகளின் இறைமையை மொரிஷியஸிடம் கையளிக்கும் ஒப்பந்தத்தில் பிரித்தானியா கைச்சாத்திட்டது. மற்றத் தீவுகளில் மீள்குடியேற்றத்துக்கு அது இடம் தருகிறது. டியாகோ கார்சியாவில் தளம் 99 ஆண்டுகளுக்குத் தொடரும்.

'பாதுகாப்பு' என்ற சொல்

இனிக் காங்கேசன்துறைக்கு வருவோம். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். மல்லாகம், சுன்னாகம், கோணாப்புலம் என்று நலன்புரி முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. உயர்பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் அவர்களின் ஊர்கள் மூடப்பட்டன. யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 2013இல், 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்குச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015இன் பின்னர் காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது. திரும்பிப் போனவர்கள் தம் வீட்டுச் சுவரில் ஆலும் அரசும் வேரோடியிருக்கக் கண்டார்கள். எல்லைக் கல்லும் கிணறும் எங்கே என்று தேடினார்கள். இன்னும் திரும்பாத காணிகள் இருக்கின்றன.

மக்கள் இல்லாத இடத்தில் மரம் வளரும். பறவை வரும். அது இயற்கையின் குணம். அந்தக் காட்டைப் பார்த்து, 'இங்கே எவரும் இருந்ததில்லை' என்று சொல்வதுதான் அநீதி. வடக்கின் பல பகுதிகளில் இடம்பெயர்ந்த மக்கள் ஊர் திரும்பியபோது, தம் வயலும் மேய்ச்சல் தரையும் வனவளத் திணைக்களத்தின் அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக் கற்களுக்குள் இருப்பதைக் கண்டு முறையிட்டார்கள். 2015இல் வடக்கில் சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடு வீதி, இராமர் பாலம் ஆகிய பகுதிகள் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. சுண்டிக்குளத்துப் பறவைகளைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பு இருக்க முடியாது. நெடுந்தீவின் குதிரைகளையும் காக்க வேண்டும். ஆனால் இப்படியான அறிவித்தல் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, மேலே சொன்ன தீவுகளின் அனுபவத்திலிருந்து மூன்று கேள்விகளைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதலாவது, இந்த நிலத்தில் இதற்கு முன்னர் வாழ்ந்தவர்கள் யார்? சாகோஸில் இதற்கான பதில் காகிதத்திலிருந்து அழிக்கப்பட்டது. உறுதி, தோம்பு, கோயில், மயானம், கிணறு எல்லாம் இருக்கும் ஊர்களில் அதை அழிப்பது அவ்வளவு எளிதல்ல. அதனால்தான் பழைய உறுதிகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, எல்லை போடும்போது அந்த மக்களிடம் கேட்டார்களா? கிறிஸ்மஸ் தீவில் வீதி மூடும் ஏற்பாடு வேலை செய்வது, தீவு மக்கள் அதைத் தமதாக ஏற்றுக்கொண்டதால். நிக்கோபாரில் மக்களின் நம்பிக்கையே காவலாக இருந்தது. மக்களை எதிரியாக வைத்துப் போடும் எல்லைக்கல் எந்த உயிரையும் நெடுநாள் காக்காது.

மூன்றாவது, அந்தச் சட்டம் வலியவரையும் கட்டுப்படுத்துமா? டியாகோ கார்சியாவில் படைத்தளம் எல்லைக்கு வெளியே நின்றது. காங்கேசன்துறையிலும், காணிச் சொந்தக்காரர் கால்வைக்க முடியாதிருந்த கரையோரத்தில் இராணுவத்தினர் உல்லாச விடுதி நடத்தினார்கள். சொந்தக்காரருக்கு மூடிய கரை விருந்தாளிக்குத் திறந்தால், அங்கே காக்கப்படுவது எது என்று கேட்கத்தான் வேண்டும்.

முருகன் சிலை கடல்வழியாக வந்து இறங்கிய துறை என்பதால் காங்கேசன்துறை என்ற பெயர் வந்ததாக ஊர்வழக்கு. இன்று நாகபட்டினத்திலிருந்து கப்பல் வருகிறது. 2015 ஜனவரியிலிருந்து புகையிரதமும் திரும்ப வருகிறது. மாலை வேளையில் கரைக்குப் போனால், மணலில் குழி தோண்டும் சின்ன வெள்ளை நண்டுகளைப் பார்க்கலாம். காலடிச் சத்தம் கேட்டால் குழிக்குள் ஓடும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் மறுபடி வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தோண்டும். பிள்ளைகள் துரத்துவார்கள், பெரியவர்கள் 'விடு, அது தன்ர பாட்டில போகட்டும்' என்பார்கள். பல தலைமுறையாக அந்தக் கரையில் மனிதரும் நண்டும் இருந்தது அப்படித்தான்.

நண்டுக்கு வழிவிடத் தெரிந்த மக்கள் நாமும்தான். அந்த வழியருகே நம் வீடும் இருக்க வேண்டும் என்பதே கேட்பது.